விமர்சன வரவேற்பு என்றால் என்ன? 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தை வைத்து ஒரு விளக்கம்

1971 டிசம்பர் 19 அன்று நியூயார்க்கில் ஒரு படம் வெளியானது. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் வின்சென்ட் கேன்பி அதை அபாரமான படைப்பு என்று எழுதினார். நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்ற இரண்டு விருதுகளையும் அதற்கே கொடுத்தது. சிகாகோவில் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டு நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார். 'நியூயார்க்கர்' இதழில் பாலின் கேல் படத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டார்.

ஆந்தனி பர்ஜெஸ் 1962-இல் எழுதிய நாவலை வைத்து ஸ்டான்லி குப்ரிக் எடுத்த 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்'தான் அந்தப் படம்.

இத்தனை பெரிய ஆட்கள் இப்படி எதிரும் புதிருமாக நின்றால், யார் சொன்னது சரி என்று கேட்கத் தோன்றும். சினிமாவைப் பாடமாகப் படிப்பவர்கள் 'விமர்சன வரவேற்பு' என்று பேசும்போது அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறார்கள். ஒரு படம் வந்ததும் பத்திரிகைகள், விருதுக் குழுக்கள், தணிக்கை வாரியம், திருச்சபை, நீதிமன்றம், மூல நூலை எழுதியவர் என்று ஆளாளுக்கு அதை என்னவாக எடுத்துக்கொண்டார்கள், எதை வைத்துச் சண்டை போட்டார்கள், இருபது முப்பது வருடம் கழித்து அந்தச் சண்டை என்ன ஆனது என்ற மொத்தக் கதையும்தான் வரவேற்பு. தனி ஒரு விமர்சனம் அதில் ஒரு துண்டு, அவ்வளவே.

இந்தப் படம் டிஸ்டோபியா வகையைச் சேர்ந்தது. டிஸ்டோபியா என்பது, நாளைய உலகம் கெட்டுப்போய் அரசோ தொழில்நுட்பமோ மனிதனை நசுக்கும் நிலையைக் காட்டும் கதை. இந்த வகைப் படங்களைப் பற்றிய சண்டைகளில் எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிகிறது. மேலே ஒளிப்பதிவு, வன்முறை, நாவலுக்கு விசுவாசம் என்று எதைப் பற்றிப் பேசினாலும், அடியில் ஓடுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்தப் படம் யார் பக்கம்? நாவலிலிருந்து வந்த படமென்றால் கேள்வி இன்னும் சூடாகிவிடும். நாவல் அதற்கு ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருக்கும், படம் வேறொன்று சொல்லும்.

முதலில் கதை. எதிர்கால இங்கிலாந்து. நாவலில் அலெக்ஸுக்குப் பதினைந்து வயது. படத்தில் அவனாக நடித்த மால்கம் மெக்டவலுக்குப் படப்பிடிப்பின்போது 27. இரவானால் மூன்று கூட்டாளிகளோடு கிளம்பி அடிதடி, கொள்ளை, பாலியல் வன்கொடுமை. வீட்டுக்கு வந்தால் பீத்தோவன். ஒரு கொலையில் மாட்டிச் சிறைக்குப் போகிறான். அங்கே அரசு ஒரு புதிய சிகிச்சையை அவன்மேல் சோதிக்கிறது. மருந்து ஏற்றி, இமைகளை மூட முடியாமல் கவ்விபோட்டு, வன்முறைக் காட்சிகளை ஓயாமல் காட்டுகிறார்கள். அதன்பிறகு வன்முறையை நினைத்தாலே அவனுக்குக் குமட்டுகிறது. காட்சிகளோடு ஓடிய பீத்தோவனைக் கேட்டாலும் குமட்டுகிறது. கெட்டதைச் செய்ய முடியாததால் மட்டுமே நல்லவனாக இருப்பவன் மனிதன்தானா என்று சிறைப் பாதிரியார் கேட்கிறார். கதையின் முதுகெலும்பு இந்தக் கேள்விதான். வெளியே வந்த அலெக்ஸைப் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறார்கள். விஷயம் அரசியல் ஊழலாக வெடிக்க, அரசே சிகிச்சையைத் திருப்பி எடுத்து, பழைய அலெக்ஸை மீட்டுக் கொடுக்கிறது.

இப்போது நாவலுக்கும் படத்துக்கும் நடுவில் நடந்ததைப் பார்க்கலாம். இங்கேதான் சண்டைக்கான சரக்கு இருக்கிறது.

நாவலை அலெக்ஸே சொல்கிறான், அதுவும் ரஷ்யச் சொற்களை வளைத்துப் பர்ஜெஸ் உருவாக்கிய 'நாட்சாட்' என்ற இளைஞர் பேச்சில். நண்பன் 'ட்ரூக்'. நல்லது என்றால் 'ஹாரர்ஷோ'. அடி என்றால் 'டோல்ச்சாக்'. ஒருவனைப் போட்டு மிதிக்கும் பத்தியைப் படிக்கும்போது, எந்தச் சொல் எந்த உறுப்பு என்று கண்டுபிடிப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடும். ரத்தத்துக்கும் வாசகருக்கும் நடுவில் ஒரு திரை தொங்குகிறது. பர்ஜெஸ் இதைத் தெரிந்தேதான் செய்தார். பச்சையான கிளர்ச்சியை மட்டுப்படுத்தவே அந்த மொழி என்று 1986-இல் எழுதிய முன்னுரையில் சொல்கிறார்.

திரைப்படத்தில் அந்தத் திரை கிடையாது. பின்னணியில் அலெக்ஸின் குரல் அதே நாட்சாட்டில் பேசத்தான் செய்கிறது. ஆனால் காது புரிந்துகொள்வதற்கு முன்பே கண் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது.

அப்புறம் முடிவு. பர்ஜெஸ் நாவலை மூன்று பாகமாக, பாகத்துக்கு ஏழு அத்தியாயமாக, மொத்தம் 21 அத்தியாயத்தில் எழுதினார். 21 என்பது அந்தக் காலத்தில் ஒருவர் வயதுக்கு வந்ததற்கான எண். கடைசி அத்தியாயத்தில் அலெக்ஸுக்கு வன்முறை சலித்துப்போகிறது. கல்யாணம், குழந்தை என்று யோசிக்க ஆரம்பிக்கிறான். யாரும் ஊசி போடாமல், தானாகவே. அமெரிக்கப் பதிப்பாளர் இந்த அத்தியாயத்தை வெட்டிவிட்டார். குப்ரிக் கையில் கிடைத்தது அந்த அமெரிக்கப் பதிப்பு. திரைக்கதையை ஏறக்குறைய முடித்த பிறகே விடுபட்ட அத்தியாயத்தைப் படித்ததாகவும், அது நம்பும்படி இல்லை, நூலின் தொனிக்கும் ஒட்டவில்லை என்றும் பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். ஆகவே படம் முடியும்போது அலெக்ஸ் பழைய அலெக்ஸாகவே இருக்கிறான், அமைச்சர் கையால் ஊட்டப்பட்டுக்கொண்டு. நாவல் அலெக்ஸுக்கு வளர ஒரு வழி விட்டது, படம் கதவைச் சாத்திவிட்டது. அது சரியா தப்பா என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. என்னைக் கேட்டால், அந்த 21-ஆம் அத்தியாயம் கதைக்குத் தேவைதான், ஆனால் நாவலிலேயே அது அவசரமாக வந்து விழுகிறது. குப்ரிக் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, கேமரா. ஈபர்ட் தம் விமர்சனத்தில் பிடித்துக்கொண்ட விஷயம் இது, புதிதாக விமர்சனம் படிப்பவர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். படத்தில் குப்ரிக் அகலக்கோண லென்ஸை நிறையப் பயன்படுத்துகிறார். அந்த லென்ஸில் சட்டகத்தின் ஓரங்களில் இருப்பவர்களும் பக்கத்தில் நெருங்கி வருபவர்களும் கோணல்மாணலாகத் தெரிவார்கள், நடுவில் நிற்பவர் ஓரளவு இயல்பாக இருப்பார். அலெக்ஸை நடுவில் வைத்துவிட்டு மற்றவர்களைக் கோணலாக்கினால் என்ன ஆகும்? இந்த உலகத்தில் ஒழுங்காக இருக்கும் ஒரே ஆள் அவன்தான் என்ற உணர்வு, நமக்குத் தெரியாமலே நமக்குள் இறங்கும். லென்ஸ் வழியாகவே இயக்குநர் அலெக்ஸ் பக்கம் சாய்கிறார் என்பது ஈபர்ட்டின் குற்றச்சாட்டு. வலதுசாரித்தனமான ஒரு பீதிக் கற்பனை எச்சரிக்கைக் கதை வேஷம் போட்டு வந்திருக்கிறது என்கிற அளவுக்கு அவர் போனார். அந்த முடிவை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 'பிடிக்கவில்லை' என்பதோடு நிற்காமல், எந்த இடத்தில் எந்தக் கருவியால் அது நடக்கிறது என்று கைகாட்டினார் பாருங்கள், விமர்சனம் என்றால் அது.

பாலின் கேலும் இதே கோட்டைத்தான் வேறு பக்கத்திலிருந்து தொட்டார். அலெக்ஸிடம் அடிபடுகிறவர்களையெல்லாம் அவனைவிட அருவருப்பானவர்களாகக் காட்டியிருக்கிறார்கள், அப்போதுதான் நமக்கு அவர்கள்மேல் இரக்கம் வராது என்பது அவருடைய வாதம். நாவலில் அலெக்ஸ் கொல்லும் பெண், பூனைகளோடு தனியாக வாழும் கிழவி. படத்தில் அவர் அவ்வளவு வயதானவர் இல்லை, உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறார், வீடு முழுக்கக் காமச் சித்திரங்கள், கொலைக் கருவியும் ஆண்குறி வடிவச் சிற்பம். நாவலில் அலெக்ஸ் வீட்டுக்குக் கூட்டிவந்து நாசம் செய்யும் இரண்டு சிறுமிகளுக்குப் பத்து வயது. படத்தில் அவர்கள் வளர்ந்த பெண்கள், விருப்பத்தோடு வருகிறார்கள், காட்சி வேக ஓட்டத்தில் நகைச்சுவையாகக் கடந்துபோகிறது. வரிசையாக வைத்துப் பார்த்தால் மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில் போவது தெரியும். கண்டிப்பான ஒரு ஜெர்மன் பேராசிரியர் உட்கார்ந்து ஆபாச வன்முறை அறிவியல் நகைச்சுவைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது என்று கேல் கிண்டலடித்தார்.

படத்தைக் கொண்டாடியவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவில்லை. வன்முறையை நடனம்போல அமைத்ததும், மின்னணு இசையில் பீத்தோவனை மாற்றி ஒலிக்கவிட்டதும், பார்க்கிறவரை ரசிக்க வைத்துப் பிறகு ரசித்ததற்காகவே கூச வைக்கும் உத்தி என்று அந்தத் தரப்பு வாதிடுகிறது. கதையில் வரும் ஓர் எழுத்தாளரின் வீட்டில் புகுந்து, 'சிங்கிங் இன் த ரெயின்' பாடிக்கொண்டே அலெக்ஸ் அவரை உதைக்கும் காட்சிதான் இரு தரப்பும் அடிக்கடி மோதும் இடம். அந்தப் பாட்டு நாவலில் இல்லை. படப்பிடிப்பில் மெக்டவலுக்குச் சட்டென்று வாயில் வந்த பாட்டு அது. உற்சாகமான ஒரு பழைய பாட்டும் உதையும் ஒரே தாளத்தில் போகின்றன. நீங்கள் அப்போது கூசினீர்களா, தாளம் போட்டீர்களா? உங்கள் பதிலைப் பொறுத்து நீங்கள் கேன்பி கட்சியா கேல் கட்சியா என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

சண்டை சினிமாப் பக்கத்தைத் தாண்டியது

மெக்டவல் ஒரு பேட்டியில், தாராளவாதிகளுக்குப் படம் பிடிக்காமல் போனதைச் சீண்டிப் பேசினார். உடனே 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் கல்வி பற்றி எழுதிவந்த ஃப்ரெட் ஹெக்கிங்கர், விழிப்பான தாராளவாதி இந்தப் படத்தில் பாசிசத்தின் குரலைக் கேட்க வேண்டும் என்று 1972 பிப்ரவரியில் எழுதினார். பொதுவாக வாய் திறக்காத குப்ரிக், அதே பத்திரிகைக்கு நீண்ட பதில் கடிதம் அனுப்பினார். தம் படம் எச்சரிப்பதே மனிதனை மனிதன் பழக்கிப் பொம்மையாக்கும் புதுவகைப் பாசிசத்தைத்தான் என்று காட்ட, ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையின் சினிமா விமர்சகரை மேற்கோள் காட்டினார். இதில் வேடிக்கை, அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரைப்பட அலுவலகம் அதே படத்தைக் கண்டனத்துக்குரியது என்ற கடைசி வகையில் போட்டிருந்தது. ஒரே மதம், ஒரே படம், நேர்மாறான இரண்டு வாசிப்பு. பாதிரியாரின் கேள்வியை மையமாகப் பார்த்தவருக்கு அது அறநெறிப் படம். திரையில் நடந்ததை மட்டும் பார்த்தவர்களுக்குப் பாவம்.

அமெரிக்காவில் படத்துக்கு 'எக்ஸ்' சான்று, அதாவது சிறுவர்களை உள்ளே விடவே கூடாது என்ற சான்று, கிடைத்திருந்தது. சில பத்திரிகைகள் 'எக்ஸ்' படங்களின் விளம்பரத்தைப் போடவே மறுத்தன. 'டெட்ராய்ட் நியூஸ்' அப்படி அறிவித்தபோது குப்ரிக் அவர்களுக்கும் கோபமாகக் கடிதம் எழுதினார். பிறகு ஏறக்குறைய 30 விநாடிக் காட்சிகளை மட்டுப்படுத்தியவற்றால் மாற்றி, அதைவிடத் தளர்வான 'ஆர்' சான்று வாங்கினார். ஆஸ்கரில் சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு என்று நான்கு பரிந்துரைகள் கிடைத்தன. நான்கிலும் 'த ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' ஜெயித்தது.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி திரும்பியது. தணிக்கை வாரியம் வெட்டே இல்லாமல் பெரியவர்களுக்கான சான்று கொடுத்தது. லண்டனில் படம் ஒரு வருடத்துக்குமேல் ஓடியது. இதற்கிடையே இளைஞர்கள் செய்த குற்றங்களுக்கும் படத்துக்கும் பத்திரிகைகள் முடிச்சுப் போட ஆரம்பித்தன, வழக்காடும் இடத்திலும் படத்தின் பெயர் அடிபட்டது. ஒரு முதியவரைக் கொன்ற பதினாறு வயதுப் பையனின் வழக்கில் படம் பெரிதாகப் பேசப்பட்டது. அவன் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை, நண்பர்கள் சொல்லக் கேட்டதுதான். படத்தைப் பார்க்காதவர்கள் சொல்வதும் வரவேற்பின் பகுதிதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குப்ரிக் குடும்பத்துக்கு மிரட்டல் வந்தது. கடைசியில் அவரே கேட்டுக்கொண்டதன் பேரில் படத்தை வெளியிட்ட வார்னர் நிறுவனம் பிரிட்டனில் படத்தை நிறுத்திக்கொண்டது. அரசு தடை போட்டது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது தவறு. பிரிட்டிஷ் ரசிகர்கள் பாரீஸுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. லண்டனில் ஸ்கேலா திரையரங்கம் அனுமதியில்லாமல் திரையிட்டு வழக்கில் சிக்கியது. குப்ரிக் 1999 மார்ச்சில் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டுதான் பிரிட்டனில் படம் மறுபடி திரைக்கு வந்தது. கால் நூற்றாண்டுக்குமேல் பார்க்கக் கிடைக்காமல் இருந்ததால் அங்கே அது ஒரு பெரும் புராணமாகிவிட்டது. 2000-இல் பார்த்த பல இளைஞர்களுக்கு, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றுகூடத் தோன்றியிருக்கும்.

நாவலாசிரியர் என்ன சொன்னார்?

தழுவல் படங்களில் இந்தக் குரலுக்குத் தனி எடை கொடுப்போம், ஆனால் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டிய குரல் இது. பர்ஜெஸ் ஆரம்பத்தில் படத்தைப் பாராட்டினார், மெக்டவலோடு சேர்ந்து மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் அதற்காக வாதாடினார். உரிமையை விற்றதில் அவருக்குக் கிடைத்த காசு சொற்பம். இயக்குநர் வாய் திறக்காததால் எல்லாக் கேள்வியும் அவர் தலையில் விழுந்தது. எங்கே குற்றம் நடந்தாலும் நிருபர் கூப்பிடுவது அவரைத்தான். இந்த நாவலின் பின்னால் ஒரு தனிப்பட்ட துயரமும் உண்டு. 1944-இல் லண்டனில் போர்க்கால இருட்டில் அவருடைய மனைவி தாக்கப்பட்டார். நாவலில் அந்த எழுத்தாளரின் வீட்டில் அவர் மனைவி தாக்கப்படும் சம்பவத்துக்குள் அந்தக் காயம் இருக்கிறது.

வருடம் போகப் போக அலுப்பு கசப்பானது. ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் பற்றி 1985-இல் எழுதிய நூலில், இந்த நாவலை எழுதியிருக்கவே கூடாது, நூலைத் தப்பாகப் புரிந்துகொள்ளப் படம் வசதி செய்துவிட்டது, அந்தத் தப்பர்த்தம் சாகும்வரை துரத்தும் என்று எழுதினார். 1987-இல் நாவலைத் தாமே இசை நாடகமாக்கினார். அதன் முடிவில் குப்ரிக் போலத் தாடி வைத்த ஒருவர் 'சிங்கிங் இன் த ரெயின்' பாட்டை ட்ரம்பெட்டில் வாசித்துக்கொண்டு வருகிறார். அவரை மேடையை விட்டு உதைத்து வெளியேற்ற வேண்டும் என்பது அரங்கக் குறிப்பு. ஒரு தழுவலுக்கு மூல ஆசிரியர் எழுதிய விமர்சனங்களில் இதுபோல இன்னொன்று இருக்காது.

ஆக 'நாவலாசிரியருக்குப் படம் பிடித்ததா?' என்ற கேள்விக்கு ஒரு வரிப் பதில் கிடையாது. எந்த வருடத்தில் கேட்கிறோம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வருடங்கள் கழித்து

அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 1998-இல் வெளியிட்ட நூறு சிறந்த அமெரிக்கப் படங்களின் பட்டியலில் இது 46-ஆவது. 2007 பட்டியலில் 70. 2020-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. பாதுகாக்க வேண்டிய கலைச்செல்வம் என்று அரசு முத்திரை விழுந்தாயிற்று. அதற்காகக் கேலின் கேள்வி செத்துப்போய்விடவில்லை. திரையில் பெண்கள்மேல் நடக்கும் வன்முறை பற்றி இப்போது பேசுகிறவர்கள் அந்தப் பழைய விமர்சனத்தைத்தான் திரும்பப் புரட்டுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வரவேற்பு மாறுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, படமே மாறுவது. பிலிப் கே. டிக்கின் 1968 நாவலிலிருந்து வந்த 'பிளேடு ரன்னர்' 1982-இல் நாயகனின் பின்னணிக் குரலோடும் ஒட்டவைத்த சுப முடிவோடும் வெளியானது, விமர்சகர்கள் அரைமனதாகவே ஏற்றார்கள். 1992-இல் அந்த இரண்டையும் நீக்கிய வடிவம் வந்தபிறகுதான் மரியாதை பல மடங்கு ஏறியது. 1982-இன் விமர்சகர்களைப் பார்வையற்றவர்கள் என்று திட்டுவது சுலபம், ஆனால் அவர்கள் பார்த்தது வேறு படம். 'கிளாக்வொர்க் ஆரஞ்ச்' விஷயத்தில் மாறியது அந்த 30 விநாடிதான், அதுவும் அமெரிக்க மறுவெளியீட்டுக்காக. மற்றபடி படம் அப்படியே இருந்தது, மாறியவர்கள் பார்த்தவர்கள். ஒரு படத்தின் மதிப்பு ஏறியதாகவோ இறங்கியதாகவோ படித்தால், முதலில் இரண்டில் எது நடந்தது என்று பாருங்கள்.

இணையத்தில் தெரியும் சதவீதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமர்சனங்களைத் திரட்டி, தேறிய படத்துக்குச் சிவப்புத் தக்காளிச் சின்னம் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் வரும் எண், விமர்சகர்களில் எத்தனை பேருக்குப் படம் மொத்தத்தில் பிடித்தது என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு பிடித்தது, ஏன் பிடித்தது என்பதெல்லாம் அதில் வராது. பழைய படமென்றால் வெளியான வாரத்தில் எழுதியதும், புகழ் நிலைத்தபிறகு எழுதியதும் ஒரே கணக்கில் விழுகின்றன. மொழியும் முடிவும் லென்ஸும் சேர்ந்து எழுப்பிய அத்தனை சண்டையும் ஒரு சிவப்புத் தக்காளிக்குள் அடங்கிவிடுகிறது. எண்ணைப் பாருங்கள், தப்பில்லை. பார்த்துவிட்டு மிகக் கடுமையான விமர்சனம் ஒன்றையும் மிகவும் பாராட்டிய ஒன்றையும் திறந்து, இரண்டும் எந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போது முட்டிக்கொள்கின்றன என்று தேடுங்கள்.

இந்தப் படத்திலிருந்தே தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: நாவலை முதலில் படியுங்கள், படம் அப்புறம். நாட்சாட் முதல் முப்பது பக்கம் படுத்தும், பிறகு தானாகப் பழகிவிடும். பழைய அமெரிக்கப் பதிப்பு கையில் கிடைத்தால் அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள், 20-இல் முடிந்தால் 21 உள்ள பதிப்பைத் தேடுங்கள். படம் பார்த்த சூட்டோடு கேன்பியையும் கேலையும் அடுத்தடுத்துப் படியுங்கள், பர்ஜெஸின் முன்னுரையைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே படித்தால் அவருடைய கோபம் உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். வன்கொடுமைக் காட்சிகள் நிஜமாகவே கடுமையானவை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது போட வேண்டாம்.